மலைச்சரிவும் மூடிய கோப்பும்

2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பொழுது விடியுமுன்னர், நம் கம்போங் ராஜாவின் புளூ வேலிப் பகுதியில் மண் சரிந்து ஒரு தொழிலாளர் குடியிருப்பின்மேல் இறங்கியது. மியன்மாரிலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த ஐவர் உறக்கத்திலேயே புதையுண்டு மாண்டனர். சில நாள் செய்தி வந்தது, பிறகு நின்றது. மலையும் மழையும் நின்றனவா என்றால் இல்லை. அந்த மலைத்தொடரின் வேறு வேறு சரிவுகளில்தான் நம் பிள்ளைகளின் வீடுகள் இருக்கின்றன. நம் பள்ளிகளும் இருக்கின்றன.

ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோரையும் நான் கேட்க விரும்புவது ஒன்றே. நம் தலைக்கு மேலுள்ள சரிவு எத்தகையது என்பது அரசாங்கத்தின் ஏதோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றது. அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்? பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியலுக்கென்றே ஒரு கிளை 2004ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. 2009 முதல் 2023 வரைக்கும் எனத் தேசியச் சரிவுப் பெருந்திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. கனிமவள, புவியறிவியல் துறை சரிவு இடர் வரைபடங்களை வரைகின்றது. எல்லாம் நம் வரிப்பணத்தில் நடக்கும் வேலை. இவற்றுள் எத்தனைத் தாள்கள் சரிவின் அடியில் வாழும் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்தன? நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சிற்றுண்டிச் சாலைக் குத்தகை பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறோம். இதைப் பற்றிப் பேசியதுண்டா?

“அதெல்லாம் கோலாலம்பூர்க்காரர்களின் விவகாரம், பத்திரிகைச் சுதந்திரம், தகவல் உரிமை என்பவை வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் பேசுபவை” என்று ஆசிரியர் அறையில் நண்பர்கள் சொல்வது என் காதில் விழத்தான் செய்கின்றது. அந்த எண்ணத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

நம்மை வாய்பொத்த வைக்கும் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1972 என்பது, பிரிட்டன் 1911இல் இயற்றிய சட்டத்தின் வழித்தோன்றல். செருமானிய ஒற்றர் பற்றிய அச்சத்தில், அந்நாட்டு மக்களவையில் ஒரே பிற்பகலில் நிறைவேறிய சட்டம் அது. நம் நாட்டில் 1986இல் அது திருத்தப்பட்டு மேலும் இறுகியது. அமைச்சரவைக் கோப்புகளும் மாநில ஆட்சிக்குழுக் கோப்புகளும் தாமாகவே இரகசியம். மற்ற எந்தத் தாளையும் அமைச்சரோ, மந்திரி பெசாரோ, அவர்கள் நியமித்த அதிகாரியோ ‘ரஹ்சியா பெசார்’, ‘ரஹ்சியா’, ‘சூலிட்’, ‘தெர்ஹாட்’ என்ற நான்கு முத்திரைகளுள் ஒன்றைக் குத்தி இரகசியமாக்கலாம். அந்த முத்திரை சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று 16ஏ பிரிவு கூறுகின்றது. வெளியிட்டவருக்கு மட்டுமன்று, பெற்றுக்கொண்டவருக்கும் தண்டனை உண்டு. நீதிபதி மனமிரங்கினாலும் ஓராண்டுச் சிறைக்குக் குறைக்க இயலாது. மேல் எல்லை ஏழாண்டு.

அந்த பிரிட்டனோ 1989இல் தன் பழைய சட்டத்தின் எதையும் எல்லாவற்றையும் இரகசியமாக்கிய பிரிவை நீக்கிவிட்டது. 2000ஆம் ஆண்டில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றி, 2005 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. வெள்ளைக்காரன் தன் வீட்டில் கழற்றி எறிந்த பூட்டை நாம் எண்ணெய் போட்டுப் பாதுகாத்து வருகிறோம்!

(நானும் அரசுப் பணியாளனே. வேலையில் சேரும்போது நாமெல்லாரும் இச்சட்டத்தின் கீழ் உறுதிமொழித் தாளில் கையொப்பமிட்டவர்கள்தாம். பொதுப் பணியாளர் நடத்தை விதிகள் 1993 நம் வாய்க்கு இன்னொரு பூட்டு. ஆகவே சொல்லிவிடுகிறேன்: இங்கு எழுதுபவை அனைத்தும் ஊரறிந்த செய்திகளே. எந்தக் கோப்பையும் நான் திறக்கவில்லை.)

இரகசியம் எவ்வளவு நகைப்புக்குரியதாக மாறக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். புகைமூட்டக் காலத்தில் இன்று நாம் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது எதை? காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை. நூறைத் தாண்டினால் திடல் நடவடிக்கை இல்லை. இருநூறைத் தாண்டியதால் 2019 செப்டம்பரில் எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டன. தலைமையாசிரியர் முதல் தேநீர்க்கடைக்காரர் வரை எல்லாரும் அறிந்த எண் அது.

அந்த எண் ஒரு காலத்தில் மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது என்பதை இளைய ஆசிரியர்கள் அறிவார்களா? 1997இல் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரிந்தபோது சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் குறியீடு 839ஐத் தொட்டது. அந்த ஆண்டின் நவம்பரில், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகைமூட்டம் பற்றி ஊடகங்களிடம் பேசக்கூடாது என்று ஆணை பிறந்தது. 1999 முதல் குறியீட்டு எண்களை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. காரணம்? சுற்றுப்பயணிகள் அஞ்சி ஓடிவிடுவார்களாம். ஆறு ஆண்டுகள் நம் பிள்ளைகளின் ஈரலுக்குள் போன புகையின் அளவு, அரசாங்கத்தின் தனிச்சொத்தாக இருந்தது. நெஞ்சுச்சளி உள்ள குழந்தையைத் திடலுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய ஆசிரியை, சன்னல் வழியே வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அப்போதுதான் எண்கள் வெளியே வந்தன.

வெளியே வந்த பின் என்ன ஆயிற்று? நாடு கவிழ்ந்ததா? சுற்றுப்பயணிகள் மறைந்தார்களா? விடுமுறை நாளில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை ஊர்ந்து செல்லும் வாகன வரிசையில் சிக்கியவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். நேற்றுவரை ‘நாட்டு நலனுக்காக’ மறைக்கப்பட்ட எண் இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மணிக்கொரு முறை வருகின்றது. அப்படியானால் அந்த ஆறாண்டு மறைப்பு யாருடைய நலனுக்காக? நாட்டின் நலனுக்கு அன்று. கேள்விகளிலிருந்து தப்பிப்பவர்களின் நலனுக்கு.

புகையை விட்டு மலைக்கு மீண்டும் வருவோம். நமக்கு அருகில் அதுதான். 2013 அக்டோபர் 23ஆம் நாளின் நள்ளிரவுப் பொழுதை ரிங்லெட், பெர்த்தாம் வேலி மக்கள் மறக்கமாட்டார்கள். சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் உறங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் தோட்டங்களும் அழிந்தன. 1960களில் கட்டிமுடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கம், மேலேயுள்ள சரிவுகளில் காடழித்ததால் அடித்துவரப்பட்ட வண்டல் நிறைந்து, தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்திருந்தது. இதை அறிந்தவர் இருந்தனர்; தொழில்நுட்ப அறிக்கைகளும் இருந்தன. ஆற்றங்கரையில் வீடு கட்டியவனுக்கு மட்டும் அது தெரியவில்லை. யார் யாருக்கு எந்த நிலம் எந்த ஆண்டில் தற்காலிக உரிமத்தில் கொடுக்கப்பட்டது, எந்தச் சரிவு அனுமதியின்றி வெட்டப்பட்டது என்ற விவரங்கள் அன்றே எல்லாரும் பார்க்கும்படி இருந்திருந்தால், அந்த வண்டலில் ஒரு பகுதியேனும் மலையிலேயே தங்கியிருக்கும் என்பது என் துணிபு. ஊர் பார்க்கும்போது கள்ளத்தனமாக மண்ணை வாருவது கடினம்.

2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் கூடாரமடித்துத் தங்கியிருந்தோர்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தனர். அந்தச் சரிவைப் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிடுங்கள் என்று குடும்பத்தினரும் மற்றவரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. வந்தது நல்லதே, பாராட்டுகிறேன். அறிக்கையின் முடிவுகளோடு உடன்படுவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் மறுப்பதற்கே அறிக்கை கையில் இருக்க வேண்டுமல்லவா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அதற்கான காரணத்தைப் படிப்பதற்கு அமைச்சரின் அருளை வேண்டி நிற்க வேண்டுமா? அது அருளாக இருக்கும்வரை அடுத்த அமைச்சர் மறுக்கலாம். உரிமையாக இருந்தால் மறுக்க முடியாது. வேறுபாடு இதுதான்.

இனி நாளேடுகள். கோப்பைத் தேடி எடுத்து, விளங்கும் மொழியில் எழுதி, ஊருக்குச் சொல்பவர் செய்தியாளர். அவர் கையைக் கட்டிவிட்டால் தகவல் உரிமை வெறும் தாளாகவே கிடக்கும். தோட்டத்துத் தமிழர்களாகிய நமக்கு இது புதிய பாடமுமன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை வரலாற்றில் படித்திருப்பீர்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழிதல் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். அவர்களைத் திரட்டிய ஆர். எச். நாதன் யார்? ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் பணிபுரிந்தவர். காலனி அரசு அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. தொழிலாளர் கொதித்தெழுந்தபோது படைகளை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. எழுதத் தெரிந்த ஒரு மனிதனுக்கு அரசாங்கம் ஏன் அவ்வளவு அஞ்சியது என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்று தெரியாதவரைக்கும்தான் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்.

நாடு விடுதலை பெற்றது. உரிம முறை விடுதலை பெறவில்லை. 1948 அவசரகாலத்தில் பிறந்த அச்சகக் கட்டுப்பாடு, அச்சக, வெளியீட்டுச் சட்டம் 1984 ஆயிற்று. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வாத்தான்’ என்ற மூன்று மொழி ஏடுகளும் ஒரே வீச்சில் மூடப்பட்டன. அந்தப் பதற்றத்தின் தொடக்கப்புள்ளி ஒரு கல்விப் பிரச்சினை என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: சீனப்பள்ளிகளுக்குச் சீனமொழித் தகுதியற்றோரைத் தலைமைப் பொறுப்புக்கு அனுப்பியது. 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’க்கு ஒரு மாதத் தடை. ஏசுநாதரின் படத்தைப் புண்படுத்தும் வகையில் வெளியிட்டது தவறுதான். நாளேடும் மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் ஒரு படத்துக்காக ஒரு மாதம் முழுதும் ஒரு சமுதாயத்தின் நாளேட்டை நிறுத்தும் அதிகாரம் ஓர் அமைச்சரின் மேசையில் இருந்ததே, அதுதான் கேள்வி. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் விதி 2012இல்தான் நீங்கியது. உரிமம் இன்னும் நீங்கவில்லை. 2025இல் மலேசிய ஊடக மன்றம் சட்டப்படி அமைந்திருக்கின்றது; குறைகளை அங்கே விசாரித்துக்கொள்ளலாமே, பூட்டுச் சாவி எதற்கு?

இவற்றையெல்லாம்விட என் மனத்தை அறுப்பது ஐரீன் பெர்னாண்டசின் வழக்கு. 1995இல், ‘தி சன்’ நாளேட்டின் செய்தியாளர் ஸ்டீவன் கானும் அவர்தம் குழுவினரும் செமினி தடுப்பு முகாமில் 59 பேர் மாண்டதைக் கண்டறிந்தனர். நோய்கள் குடற்காய்ச்சலும் பெரிபெரியும். உயிர்ச்சத்து பி1 குறைந்தால் வருவது பெரிபெரி என்று நாம் பாடம் நடத்துகிறோம். சோறு படைக்கும் நாட்டில் அரசாங்கக் காவலில் மனிதர் அதனால் இறந்தனர்! நாளேடு அச்செய்தியை வெளியிட முன்வரவில்லை. அவர்கள் அதைத் தெனாகானித்தா அமைப்பின் ஐரீனிடம் கொடுத்தனர். சுங்கை பட்டாணியில் பிறந்து, தோட்டப்புறத்துத் துயரை நேரில் கண்டு வளர்ந்த அந்த அம்மையார், தாம் திரட்டிய வாக்குமூலங்களையும் சேர்த்து அறிக்கையாக வெளியிட்டார். முகாமை நடத்தியவர்கள்மீது வழக்கு வந்திருக்க வேண்டும் என்று எண்ணுவீர்கள். வந்தது ஐரீன்மீது. 1996இல் ‘பொய்ச் செய்தி வெளியிட்டார்’ என்று அதே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டினர். 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை. அதனால் 2004 பொதுத்தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. 2008 நவம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து பள்ளிப்படிப்பையே முடிக்கும் காலம். 2014 மார்ச்சில் அவர் மறைந்தார். ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரனுடன் சேர்ந்து 1999இல் ‘மலேசியாகினி’யைத் தொடங்கினார்.

நேர்மையான எதிர்வாதங்களும் உண்டு, மறுக்கவில்லை. படைத்தளத்தின் வரைபடம், புலனாய்வில் இருக்கும் வழக்கு, ஒரு பிள்ளையின் மருத்துவக் குறிப்பு — இவை மறைவாகவே இருக்க வேண்டும். பள்ளியில் நாமே பல செய்திகளை வெளியே சொல்வதில்லை. ஆனால் சரிவின் சாய்வுக்கோணம் எந்த எதிரிநாட்டுக்குப் பயன்படும்? “மக்கள் பீதியடைவர்” என்பது அடுத்த வாதம். தீயணைப்புப் பயிற்சி நடத்தும்போது பிள்ளைகள் பீதியடைவார்கள் என்று நாம் வழியை மறைக்கிறோமா? “நிலத்தின் விலை குறையும்” என்று ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அவரை மதிக்கிறேன். பொய்ச்செய்தி பரவும் என்போருக்கு ஒன்று: மெய்யான தாள் பூட்டிக் கிடக்கும் இடத்தில்தான் வாட்சாப்பில் கதை வளர்கின்றது. மழைக்காலத்தில் “அணை உடையப் போகிறது” என்று வரும் குரல்பதிவுகளை நாம் கேட்காததா? (இடித்துரைப்பார் இல்லாத ஆட்சி பற்றிக் குறளை இவ்விடத்தில் எடுத்துக்காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அது எல்லாருக்கும் மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதுதான் சிக்கலே.)

படிப்பறிவு குறைந்த தொழிலாளிக்குத் தகவல் எதற்கு என்று ஏளனம் செய்வோருக்கு இந்தியாவின் கதையைச் சொல்ல வேண்டும். இராசத்தானில் வறட்சி நிவாரண வேலை செய்த ஏழைகள் கேட்டது அரசியல் தத்துவத்தை அன்று. வேலைப் பதிவேட்டின் படியை. நம் பாட்டன்மார் பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோலில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்று கேட்டார்களே, அதே கேள்வி. 1994இல் ஊர் நடுவே பதிவேடுகளை உரக்கப் படித்தபோது, செத்தவர்களின் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1996இல் பியாவரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினர். அதன் கனிதான் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். தமிழ்நாடோ 1997இலேயே இந்தியாவின் முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. நாம் பெருமைப்படலாம், ஆனால் அதில் விலக்குகள் மலிந்திருந்தமையால் பயன் சிறிதே. அந்தக் குறையை நாம் மறவாதிருப்பது நல்லது. இலங்கையிலும் 2016இல் சட்டம் வந்தது.

நம் நாட்டில்? பினாங்கும் சிலாங்கூரும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. பகாங்கில் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே ஷா ஆலாமில் இருக்கும் தகப்பன் மாநில அலுவலகத்தில் படிவம் கொடுத்துக் கேட்கலாம். கம்போங் ராஜாவில் இருக்கும் தகப்பன் கெஞ்சத்தான் வேண்டும். கூட்டரசுச் சட்டம் பற்றியோ 2018 முதல் மாறி மாறி வந்த அரசாங்கங்கள் பேசிவந்திருக்கின்றன. அச்சட்டத்தின் பெயர் அழகாக இருப்பது போதாது. பழைய இரகசியச் சட்டத்தோடு மோதும்போது எது வெல்லும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மறுப்பை விசாரிக்க அரசுக்குக் கட்டுப்படாத ஆணையம் வேண்டும். மாநில அரசுகளின் நிலக்கோப்புகளை அது தொடவில்லையென்றால், நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கும் இந்நாட்டில் மலைவாழ் மக்களுக்கு அதனால் பாதிப் பயனே.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இந்தத் தவணையின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். பள்ளிக்கும், பிள்ளைகள் வாழும் லயங்களுக்கும் மேலுள்ள சரிவுகள் எந்த இடர்ப்பிரிவில் வைக்கப்பட்டுள்ளன, கடைசியாக எந்த ஆண்டில் ஆய்வு செய்தனர், ஆய்வு சொன்ன வேலைகளுள் எவை முடிந்தன என்று மாவட்ட அலுவலகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுதுவோம். கடிதம் மலாயில் இருக்கட்டும். சங்கத்தின் பெயரில், பெற்றோர் கையொப்பத்தோடு போகட்டும். அரசுப் பணியாளராகிய ஆசிரியரைவிடப் பெற்றோர் கேட்பதே வலிமை. ஓர் அலுவலகத்தில் நான் வாய்மொழியாகக் கேட்டு “சூலிட், சேகு” என்ற இரண்டே சொல்லோடு திரும்பியிருக்கிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில் மறுக்க வேண்டும், மறுப்பவர் பெயரும் அதில் இருக்கும். கடிதத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்ட நாளின் முத்திரையை மறவாமல் வாங்குங்கள். மூன்றாம் படியை நம் தமிழ் நாளேடுகளின் செய்தியாளருக்குக் கொடுங்கள். மழைக்காலம் நவம்பரில் உச்சத்துக்கு வரும். அதற்கு முந்திய தவணையிலேயே அனுப்பிவிட வேண்டும்.